மஞ்சளுக்கு நின்றவன் எழுதிக்கொள்வது

என் மனைவியின் ஒரே தம்பியும், பேருந்து ஓட்டுவதில் கெட்டிக்காரனும், என்னைப் பார்த்துச் சிரிப்பதில் அதைவிடக் கெட்டிக்காரனுமாகிய அன்பு மச்சானுக்கு,

உன் அத்தான் தன் சொந்தக் கையால் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் வேனும் சுகம். அங்கே நீயும் உன் வீட்டாரும் உன் பேருந்தும் அதில் ஏறுகிறவர்களும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். இதை ஓரிடத்தில் உட்கார்ந்து படி. வண்டி ஓட்டிக்கொண்டே படிக்காதே, அது தப்பு. எந்தப் பாடத்தில் அப்படிப் போட்டிருக்கிறது என்றுகூட இப்போது என்னால் சொல்ல முடியும்.

மச்சான், எனக்கு லைசன்ஸ் கிடைத்துவிட்டது.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். வந்து மறுபடி படித்தேன். அப்படியேதான் இருக்கிறது. எழுதுவதில் இதுதான் சௌகரியம். வாயால் சொன்னால் "ஓ, அப்படியா?" என்று கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். எழுதியதை யாரும் அப்படித் தாண்டிப் போக முடியாது. அதனால்தான் போன் பண்ணாமல், நாலைந்து நாளாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நடந்ததில் உனக்குப் பாதிதான் தெரியும், அந்தப் பாதியையும் நீ சிரித்தே கெடுத்துவிட்டாய். ஆகையால் முதலிலிருந்தே சொல்கிறேன். உன் அக்காவுக்குக் கண் மங்கிப்போய், இனி வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொன்னார் அல்லவா? கல்யாணம் ஆன நாள் முதல் இந்த வீட்டில் வேன் ஓட்டியது அவள், துணி தேய்த்தது நான். லாட்ஜுகளிலிருந்து அழுக்கு விரிப்புகளை அவள் அள்ளிக்கொண்டு வருவாள், நான் வெளுத்து பிரஸ்ஸில் போட்டு மடித்துக் கட்டுவேன், அவள் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். வேன் நின்றால் லாண்டரி நின்றது, லாண்டரி நின்றால் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். டாக்டரிடமிருந்து நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் எங்கள் மகன் வேனை விற்க ஆள் பார்த்துவிட்டான். "வருஷக் கடைசியில வந்து எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டாருப்பா. நீங்க ரெண்டு பேரும் எங்கூட வந்து இருங்க. பால்கனி இருக்கு, டிவி இருக்கு, வேற என்ன வேணும்?" என்றான். தங்கமான பிள்ளை. ஆனால் அந்தப் பால்கனியில் நாற்காலி போட்டால் காலுக்கு இடமில்லை, கால் வைத்தால் நாற்காலிக்கு இடமில்லை. உன் அக்கா வேன் சாவியைக் கைக்குள் மூடி வைத்துக்கொண்டு, சாப்பிடும்போதுகூடத் திறக்காமல், இன்னொரு கையாலேயே பரிமாறினாள். அதைப் பார்த்துத்தான், மச்சான், என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது. "வேனை விக்க வேண்டாம். இனிமே நான் ஓட்டுறேன்" என்றேன்.

அப்போது நீ என்ன செய்தாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். நீ குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. "அத்தான், லைசன்ஸ் வாங்கணும்னா பரீட்சை எழுதணும் அத்தான்! உங்களுக்கு பஸ் போர்டையே நான்தானே வாசிச்சு சொல்றேன்!" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். உன் அக்கா மட்டும் சிரிக்காமல், "என்னங்க, நிஜமாத்தான் சொல்றீங்களா?" என்று கேட்டாள். நிஜம் என்றேன். மறுநாளே பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் மாலை வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டேன். அதுவரைக்கும் ஒரு கூலி டிரைவரை வைத்து ஒப்பேற்றினோம். அவன் மனம் வைத்த நாளில் வேன் போகும், மற்ற நாளில் லாட்ஜ் மேனேஜர் போனில் கத்துவார்.

படித்த கதையை வளர்க்க மாட்டேன். மற்றவர்களெல்லாம் கதைப் புத்தகம் வைத்துப் படித்தார்கள், நான் சாலை விதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு படித்தேன். எழுத்துப் பரீட்சையில் கேள்விகள் கம்ப்யூட்டரில் வருகின்றன. முதல் தடவை, முதல் கேள்வியை நான் மரியாதையாக எழுத்து எழுத்தாகப் படித்து முடிப்பதற்குள் அது போய்விட்டது, இரண்டாவது வந்தது, அதைப் படிக்கத் தொடங்குவதற்குள் மூன்றாவதும் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டது. காத்திருக்கத் தெரியாத பெட்டி. இரண்டாம் தடவை அந்தப் பெட்டியைவிட நான் வேகமாகிவிட்டேன். பாஸ். வெளியே வந்து அந்த ஆபீஸ் சுவரில் எழுதியிருந்த "இங்கே துப்பாதீர்" என்பதைக்கூட விடாமல் வாசித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

இனிமேல்தான் கஷ்டகாலம் ஆரம்பம். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். அங்கே சொல்லிக்கொடுப்பவருக்கு பிரேக் வாத்தியார் என்று பெயர். அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கிறது, அதன் புண்ணியத்தில்தான் அவர் உயிரோடிருக்கிறார். ஸ்டியரிங் பிடித்தேன், கியர் போட்டேன், திரும்பினேன், "பெரியவரே, அருமையா வருதே!" என்றார். அப்போது சிக்னலில் மஞ்சள் விளக்கு விழுந்தது. மச்சான், அந்த நிமிஷம் என் இரண்டு கையும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு மேலே பறந்தன, என் வலது கால் ஆக்ஸிலேட்டரை அடிவரைக்கும் மிதித்தது. கார் பாய்ந்தது. பிரேக் வாத்தியார் தன் பிரேக்கின்மேல் எழுந்தே நின்றுவிட்டார். எங்கள் மூக்கு காரின் முன்கண்ணாடியில் ஒட்ட, கார் சிக்னலின் நிறுத்தக் கோட்டைத் தாண்டிப் பாதி தூரத்தில் நின்றது. "என்ன பெரியவரே, கையத் தூக்குறீங்க, கால அமுக்குறீங்க, யாருக்காவது வணக்கம் வைக்கிறீங்களா?" என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை. அடுத்த சிக்னலிலும் அதேதான். அதற்கடுத்த சிக்னலில் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வேறு எந்த விளக்குக்கும் எனக்கு இப்படி ஆகவில்லை. சிவப்புக்கு நின்றேன், பச்சைக்குப் போனேன். மஞ்சளைக் கண்டால்தான் கை பறக்கும், கால் மிதிக்கும். அந்த நோயோடேயே முதல் ஓட்டுப் பரீட்சைக்கும் போனேன். பக்கத்தில் உட்கார்ந்த அதிகாரி அம்மா முகத்தில் சிரிப்பே கிடையாது. மஞ்சள் விழுந்தது. கை பறந்தது, கால் மிதித்தது, பரீட்சைக்காக வரிசையாக வைத்திருந்த கூம்புகளில் ஒன்று எங்களோடு கொஞ்ச தூரம் வந்தது, அந்த அம்மாவின் கண்ணாடி கழன்று கியர்மேல் விழுந்தது. அந்த அம்மா நிதானமாகக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "கைய எதுக்கு எடுத்தீங்க?" என்று கேட்டார். யோசிக்கவே இல்லை, என் வாய் தானாகச் சொல்லிற்று: "விரிப்பு தீஞ்சிடும்மா!"

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கையிலிருந்த தாளில் வெகுநேரம் எழுதினார். ஃபெயில் என்று எழுத அவ்வளவு நேரம் ஆகாது.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் உன் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "அட, பிரஸ் மெஷினுங்க!" என்றாள். அவளுக்குத்தான் விளங்கிற்று. நம் லாண்டரியில் இருக்கும் ஸ்டீம் பிரஸ்ஸை நீ பார்த்திருப்பாய். விரிப்பைப் போட்டு மூடியை இறக்கினால் ஆவி சீறும். சூடு ஏறி முடிந்ததும் மேலே ஒரு மஞ்சள் விளக்கு எரியும். உடனே வலது காலால் மிதியை ஓங்கி மிதிக்க வேண்டும், மூடி எழும்பும், இரண்டு கையாலும் விரிப்பைப் பிடித்து வெடுக்கென்று இழுக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் லாட்ஜ்காரருடைய விரிப்பில் பழுப்பாக ஒரு தேசப்படம் விழுந்துவிடும். வாலிப வயது முதல் இந்தக் கையும் காலும் செய்ததெல்லாம் இதுதான். மஞ்சள் என்றால் ஊருக்கெல்லாம் மெதுவாகப் போ, நில் என்று அர்த்தம். எனக்கு மட்டும் மிதி, இழு!

அன்றைக்கே உன் அக்கா என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். கையில் ஸ்டியரிங்குக்குப் பதிலாக ஒரு சட்டி மூடி. காலடியில் ஆக்ஸிலேட்டருக்கு என் செருப்பு, பிரேக்குக்கு அவள் செருப்பு. மஞ்சள் தலையணை உறை ஒன்றை முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டு எதிரே நிற்பாள். எப்போது எடுத்து நீட்டுவாள் என்று தெரியாது. நீட்டினால் நான் கையைத் தூக்கக் கூடாது, அவள் செருப்பை மிதிக்க வேண்டும். என் செருப்பை மிதித்தால் தலையணை உறை என் முகத்தில் விழும். அப்புறம் நாற்காலியும் போதாது என்றாகிவிட்டது. சாப்பிடும்போது நீட்டினாள், பல் தேய்க்கும்போது நீட்டினாள், குளியலறைக் கதவு இடுக்கு வழியாகக்கூட ஒரு மஞ்சள் முனை நீண்டது. "ஏய், இங்க ஏது ரோடு?" என்று கத்தினேன். "ரோடு சொல்லிட்டா வரும்? மிதிங்க பிரேக்க!" என்றாள். வெறுங்காலால் ஈரத்தரையை மிதித்து, வழுக்கி, வாளியோடு உட்கார்ந்தேன். வெளியிலிருந்து, "கை தூக்கலையே? நல்ல முன்னேற்றம்!" என்று சத்தம் வந்தது.

முன்னேற்றம் என்றால் சாதாரண முன்னேற்றம் இல்லை, மச்சான். மஞ்சளாக எதைக் கண்டாலும் வலது கால் பிரேக் போட ஆரம்பித்துவிட்டது. சலூனில் முடிதிருத்துகிறவர் என் கழுத்தில் கட்ட ஒரு மஞ்சள் துணியை உதறினார், நான் மிதித்த மிதியில் நாற்காலியின் கால்பலகை கையோடு வந்துவிட்டது, அவர் கத்தி என் காதோரத்தில் தன்னிஷ்டத்துக்கு ஒரு பாதை போட்டுவிட்டது. மகன் வீட்டு லிஃப்டில் ஏறப் போனேன், பொத்தானில் மஞ்சள் விளக்கு எரிந்தது, சட்டென்று நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் கையில் முட்டைப் பையோடு என் முதுகில் மோதினார். பின்னால் வருகிறவர் இடைவெளி விட்டுத்தான் வர வேண்டும், அது விதி, அதை அவரிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவர் முட்டையைப் பற்றி மட்டுமே பேசினார்.

காரிலும் அதே கதைதான். இப்போது மஞ்சள் விழுந்தால் கார் ஆணி அடித்தாற்போல் நிற்கும். எங்கே இருந்தாலும் நிற்கும். ஒரு நாள் முன்சக்கரம் கோட்டைத் தாண்டிய பிறகு மஞ்சள் விழுந்தது, நான் நாற்சந்தியின் நட்டநடுவில் நின்றேன், பின்னால் வந்த ரொட்டி வேன் எங்கள் பின்பக்கத்தைத் தொட்டுக் கும்பிட்டது. நாலு பக்கமும் ஹார்ன். "பெரியவரே! மஞ்சளுக்கு நிக்கணும்ங்கிறது விதியில முதல் பாதி. நிறுத்த முடியாத அளவுக்குக் கோட்டுக்கிட்ட வந்துட்டா, நிதானமா கடந்து போயிடணும்ங்கிறது மீதிப் பாதி. ரெண்டையும் படிச்சீங்களா இல்லையா?" என்று பிரேக் வாத்தியார் அலறினார். "தலை ரெண்டையும் படிச்சிடுச்சு வாத்தியாரே. கால் இன்னும் முதல் பாதியிலதான் இருக்கு" என்றேன். மனிதர் அன்றைக்குத்தான் முதல்முதலாகச் சிரித்தார்.

இதையும் உன் அக்காதான் சரிபண்ணினாள். மறுபடி நாற்காலி, சட்டி மூடி, செருப்பு. ஆனால் இப்போது உறையை நீட்டியவுடன் கேள்வியும் கேட்டாள். வாசற்படிதான் கோடு.

"பின்னாடி யாரு?"

"பஸ்ஸு."

"எவ்வளவு கிட்ட?"

"உன் தம்பி ஓட்டுற பஸ்ஸு. முதுகுல மூச்சு விடுறான்."

"கோடு?"

"சக்கரத்துக்கு அடியில."

"நிப்பீங்களா, போவீங்களா?"

"போவேன். பாஞ்சு இல்ல, பாத்துப் போவேன்."

"சரி, இப்ப கோடு அந்தத் தெருக்கோடியில இருக்கு. பின்னாடி யாரும் இல்ல. எதிர்ல உங்க மகன் பைக்குல காத்திருக்கான். நேரமாச்சு, லாட்ஜ் மேனேஜர் போன்ல கத்துறாரு."

"நிப்பேன்."

"அவரு கத்துறாருங்க!"

"கத்தட்டும். நின்னுட்டு அப்புறம் கேக்குறேன்."

உறையை மடித்து வைத்துவிட்டு, "போய்ப் பரீட்சை எழுதுங்க" என்றாள். கண் மங்கியவள், மச்சான். எதிரே இருந்த என் முகம்கூட அவளுக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. என் கால் எங்கே போகிறது என்பதைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்திருக்கிறாள்.

பரீட்சைக்குப் போனால் அதே அதிகாரி அம்மா. என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, வேறு ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார். பழையதாக இருக்கும். "விரிப்புக்காரர்தானே? எடுங்க வண்டிய" என்றார். எடுத்தேன். முதல் சிக்னலுக்குப் பச்சையில் போய்க்கொண்டே இருக்கிறேன், சரியாகக் கோட்டின்மேல் ஏறும்போது மஞ்சள். பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தேன், பின்னால் ஒரு சிமெண்ட் லாரி முகத்தை நீட்டிக்கொண்டு வருகிறது. என் கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது, மச்சான்! இரண்டு பக்கமும் பார்த்து, அதே வேகத்தில் கடந்தேன். அந்த அம்மா தாளில் ஒரு கோடு இழுத்தார். "மஞ்சள்ல ஏன் நிக்கல?" என்றார். "நின்னிருந்தா லாரிக்காரர் நம்ம பின் சீட்டுல வந்து உக்காந்திருப்பாரும்மா" என்றேன். அவர் தாளில் இன்னொரு கோடு இழுத்தார்.

இரண்டாவது சிக்னல் தூரத்தில் இருந்தது. மஞ்சள் விழுந்தது. பின்னால் ஒரு பளபள கார், அதுவும் நல்ல இடைவெளியில். மெதுவாக மிதித்தேன். முன்சக்கரம் கோட்டுக்குச் சற்று முன்னால், பிரஸ் போட்ட மடிப்பு மாதிரி, நேராக நின்றது. பளபள காருக்குப் பொறுக்கவில்லை, ஹார்ன்மேல் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. தலையை வெளியே நீட்டி, "யோவ் பெருசு! மஞ்சள்தானேய்யா, போயிருக்கலாம்ல? என்ன, படம் புடிக்கிறியா?" என்று கத்தினார். எனக்குக் கோபமே வரவில்லை. அவருக்கு விதி தெரியவில்லை, பாவம், மாலை வகுப்பில் இடம் இருக்கிறது. நான் விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பச்சை வந்தது, போனேன். கொஞ்ச தூரம் போனதும் அதிகாரி அம்மா, "விரிப்பு தீயலையே?" என்றார். திரும்பிப் பார்த்தேன். சிரிக்கிறார்! நிறைய பல் இருக்கிறது அந்த அம்மாவுக்கு, இத்தனை நாள் வீணாக உள்ளே வைத்திருந்திருக்கிறார்.

லைசன்ஸ் கைக்கு வந்த அன்று வீட்டுக்கு வந்தால் வாசலில் மகனும் வேன் வாங்க வந்தவரும். அவர் குனிந்து டயரைத் தட்டிக்கொண்டிருந்தார். உன் அக்கா கையை மூடிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். நான் லைசன்ஸை எடுத்து நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, "ஐயா, டயர விடுங்க. வேன் விக்கிறதுக்கில்ல" என்றேன். மகன் அதை வாங்கிப் பார்த்தான். "அப்பா! போட்டோவுல ஏம்ப்பா இப்படி முறைக்கிறீங்க?" என்றான். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். உன் அக்கா கையைத் திறந்தாள். சாவியின் அச்சு அவள் உள்ளங்கையில் பதிந்திருந்தது. சாவியை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். அந்த இடத்தை எழுத எனக்கு இன்னும் எழுத்து பழக வேண்டும்.

ஆகவே, மச்சான், நாளைக் காலை முதல் இந்த வேனுக்கு நான்தான் டிரைவர். கூலி டிரைவரை நிறுத்திவிட்டேன், நிறுத்தும்போது நாலு வார்த்தை கூடவே சொல்லிவிட்டேன். அவசரத்துக்கு உன்னைக் கூப்பிட்டபோது, "எனக்கு டூட்டி அத்தான், மூட்டை வண்டியெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்றாயே, இனி உன்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். நீயாக விரும்பி வந்தால் பின்னால் மூட்டைகளோடு உட்கார்ந்துகொள்ளலாம். இன்னொன்று. உன் பேருந்தில் நான் பல தடவை வந்திருக்கிறேன். மஞ்சளைக் கண்டால் நீ எப்படி மிதிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நீ எந்த லாண்டரியிலும் வேலை பார்த்ததில்லை, உனக்கு என்ன சாக்கு? நாற்பது பேர் உயிரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பாயாதே. திருந்த மனமிருந்தால் சொல், உன் அக்காவிடம் தலையணை உறை இருக்கிறது.

உன் வீட்டாருக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், என்னைவிடச் சீக்கிரமாகவே படித்து முடிக்கட்டும். நீ போகிற வழியெல்லாம் பச்சையாகவே விழட்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
லைசன்ஸ் உள்ள உன் அத்தான்.

பின்குறிப்பு: இதை வேனுக்குள் உட்கார்ந்து, ஸ்டியரிங்மேல் தாளை வைத்து எழுதுகிறேன். வேன் நிற்கிறது, அதனால் தப்பில்லை. பெரிய நாற்சந்தியின் ஓரத்தில் நிற்கிறது. இன்று காலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, உன் அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். இங்கே மஞ்சள் விழுந்தது. அருமையாக நின்றேன். எதிரே நின்ற போக்குவரத்துப் போலீஸ்காரர் அப்படியே என்னிடம் நடந்து வந்தார். "ஐயா, நான் இங்க டூட்டிக்கு வந்த நாள்லேர்ந்து மஞ்சளுக்கு நின்ன முதல் ஆளு நீங்கதான்!" என்று கையைக் குலுக்கினார். உன் அக்காவுக்கும் வணக்கம் சொன்னார். அப்படிப்பட்டவரின் லைசன்ஸைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். நானும் ஆசையாக எடுத்துக் கொடுத்தேன். பார்த்தார், வேனைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார். "இது காருக்குத்தானே ஐயா? சரக்கு வேனுக்கு வேற லைசன்ஸ் ஆச்சே?" என்றார். எந்த வண்டிக்கு என்று பிரேக் வாத்தியார் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உன் அக்கா தன்னுடையதை வாங்கி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, அவளுக்கும் இது நினைவில் இல்லை. அதற்குத் தனிப் பரீட்சையாம், புத்தகம் இதைவிடத் தடிமனாம். நான் பயப்படவில்லை. அதுவரைக்கும் ஓட்ட உரிய லைசன்ஸ் உள்ளவர் யாராவது வந்து வேனை எடுத்துப் போகட்டும் என்று போலீஸ்காரர் பெரிய மனது பண்ணியிருக்கிறார். நம் குடும்பத்தில் அது உன்னிடம்தான் இருக்கிறது. போன் பண்ணினால் நீ சிரிப்பது கேட்கும், அதனால் உன் டிப்போவுக்குப் போகும் பஸ் கண்டக்டரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். மேலே எழுதியதில் உனக்குப் பிடிக்காத இடங்களைத் தாண்டிவிடு. மூட்டைமேல் நானே உட்கார்ந்துகொள்கிறேன். மகனிடம் மூச்சு விடாதே. லாட்ஜ் மேனேஜர் போனில் கத்திக்கொண்டிருக்கிறார், "மஞ்சள்ல போயிருந்தா இந்நேரம் விரிப்பு போய்ச் சேர்ந்திருக்கும்" என்று உன் அக்காவும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சீக்கிரம் வா. அதற்காக மஞ்சளில் பாய்ந்து வராதே. போலீஸ்காரர் இன்னும் இங்கேயேதான் நிற்கிறார், இரண்டாவது ஆளையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டுமாம்.